உங்கள் தரவைக் கோக்கும் நாரை அறுங்கள்: கைபேசித் தனியுரிமைக்கு முழுமையான வழிகாட்டி

தி.நகரில் ஒரு துணிக்கடையில் பில் போடும்போது மொபைல் நம்பர் சொல்கிறீர்கள். இரண்டு நாளில் அதே கடையின் ஆடித் தள்ளுபடி விளம்பரம் இன்ஸ்டாகிராமில் வந்து நிற்கிறது. "நாம பேசறதை போன் ஒட்டுக்கேக்குது" என்று வீட்டில் பேச்சு கிளம்பும். ஒட்டுக்கேட்கும் சிரமமே யாருக்கும் தேவையில்லை. கடை தன் வாடிக்கையாளர் நம்பர்களைப் பட்டியலாக்கி, இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டாவிடம் ஏற்றலாம். இன்ஸ்டாகிராம் கணக்குத் தொடங்க நீங்கள் கொடுத்ததும் அதே நம்பர்தான். இரண்டும் பொருந்தினால் விளம்பரம் உங்கள் முன்னால் வந்துவிடும். மெட்டா இதைக் 'கஸ்டம் ஆடியன்ஸ்' என்கிறது, கூகுள் 'கஸ்டமர் மேட்ச்' என்கிறது. இரண்டுமே விளம்பரம் கொடுப்பவர்களுக்கு வெளிப்படையாகத் தரப்படும் வசதிகள்.

"நம்பரை அப்படியே அனுப்புவதில்லை, ஹாஷ் செய்து குறியீடாக மாற்றித்தான் அனுப்புகிறோம்" என்று இதற்கு ஒரு சமாதானம் உண்டு. இந்திய மொபைல் நம்பர் 6, 7, 8, 9 ஆகிய நான்கில் ஒன்றில் தொடங்கும் 10 இலக்க எண். மொத்தமே 400 கோடி சாத்தியங்கள். அத்தனைக்கும் ஹாஷ் போட்டு அட்டவணை தயாரிக்க ஒரு நல்ல கணினிக்குச் சில நிமிடங்கள் போதும். அதில் பார்த்தால் எந்தக் குறியீடு எந்த நம்பருடையது என்று தெரிந்துவிடும். அதனால் அந்தச் சமாதானத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கம்பெனிகள் தரவு எடுப்பதை முழுக்க நிறுத்த யாராலும் முடியாது. ஆனால் துணிக்கடை எடுத்தது, மருந்து ஆப் எடுத்தது, மேப்ஸ் எடுத்தது எல்லாம் உதிரிப் பூவாகக் கிடக்கும்வரை அவற்றுக்குப் பெரிய விலை கிடையாது. இவை அத்தனையும் ஒரே ஆளுடையவை என்று கோத்துக் கொடுக்கும் நார்தான் விலை போகிறது. உங்கள் கைபேசியில் அந்த நார் நான்கு: விளம்பர ஐடி, கூகுள் கணக்கு, மொபைல் நம்பர், மின்னஞ்சல் முகவரி. கீழே உள்ள வேலைகள் எல்லாம் இவற்றை அறுப்பதற்கானவை. முதலில் விளம்பர ஐடி, அடுத்து கூகுள், அதன் பிறகே நம்பர் என்ற வரிசையை மாற்றாதீர்கள். இரண்டாவது சிம் வாங்கிவிட்டு விளம்பர ஐடியை அப்படியே விட்டால், இரண்டு நம்பரும் ஒரே போனில் இருப்பது சீக்கிரமே தெரிந்துவிடும். சிம்முக்குக் கொடுத்த காசு தண்டம்.

மெனுப் பெயர்கள் சாம்சங், ஷாவ்மி, விவோ என்று கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சொன்ன இடத்தில் இல்லாவிட்டால் செட்டிங்ஸின் மேலே இருக்கும் தேடல் பெட்டியில் அந்தப் பெயரைத் தட்டுங்கள். போன் தமிழில் இருந்தால், இந்த வேலை முடியும்வரை ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்வது நல்லது. இங்கே சொல்லும் பெயர்கள் ஆங்கில மெனுவில் வருபவை.

1. விளம்பர ஐடி

ஒவ்வொரு ஆண்ட்ராய்டு போனிலும் விளம்பரத்துக்கென்றே ஒரு நீண்ட எண் உண்டு. கேம், டார்ச், காலண்டர் என்று எந்த ஆப் கேட்டாலும் அதே எண் கிடைக்கும். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இருபது ஆப்கள் உங்களைப் பற்றித் தெரிந்துகொண்டதை இந்த எண்ணை வைத்துச் சேர்த்துவிடலாம்.

1. செட்டிங்ஸ் திறந்து 'கூகுள்' என்பதற்குள் போங்கள்.
2. 'ஆல் சர்வீசஸ்' என்ற பகுதி இருந்தால் அதைத் தட்டி, 'ஆட்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.
3. 'டிலீட் அட்வர்டைசிங் ஐடி' என்பதைத் தட்டி, மறுபடி கேட்கும்போதும் உறுதிசெய்யுங்கள்.

பக்கத்திலேயே 'ரீசெட்' என்றும் ஒன்று இருக்கும். அதைத் தட்டினால் பழைய எண் போய்ப் புது எண் வரும். நீங்கள் லாகின் செய்திருக்கும் ஆப்கள் புது எண்ணையும் பழைய கணக்கோடு சேர்த்துக்கொள்ளும். டிலீட் செய்தால் கேட்கும் ஆப்களுக்கு வெறும் பூஜ்யங்கள்தான் கிடைக்கும். புதுப் போன் வாங்கினால் இதை மறுபடி செய்ய வேண்டும்.

ஐபோனில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', அதற்குள் 'டிராக்கிங்' போய் 'அலவ் ஆப்ஸ் டு ரிக்வெஸ்ட் டு டிராக்' என்பதை அணையுங்கள். ஆப்கள் டிராக் செய்யும் முன் உங்களிடம் அனுமதி கேட்பதை ஆப்பிள் 2021 ஏப்ரலில் ஐஓஎஸ் 14.5 பதிப்பில் கட்டாயமாக்கியது. 2022இல் தனக்கு இதனால் ஏறத்தாழ 1,000 கோடி டாலர் வருமானம் குறையும் என்று மெட்டாவே கணக்குச் சொன்னது. ஒரு எண்ணை மறைப்பதற்கு இவ்வளவு மதிப்பா என்று யோசிப்பவர்களுக்கு இந்தக் கணக்கு போதும்.

விளம்பர ஐடியை அழித்தால் விளம்பரம் குறையாது. சம்பந்தமில்லாத விளம்பரமாக வரும், அவ்வளவுதான்.

ஷாவ்மி, ரெட்மி, போகோ போன்களில் கூடுதலாக ஒரு வேலை இருக்கிறது. போனின் உள்ளே 'எம்எஸ்ஏ' என்ற ஒரு ஆப் விளம்பரத்துக்காகவே ஓடுகிறது. செட்டிங்ஸில் 'பாஸ்வேர்ட்ஸ் அண்ட் செக்யூரிட்டி' போய், 'ஆத்தரைசேஷன் அண்ட் ரெவகேஷன்' என்பதில் எம்எஸ்ஏவுக்கு எதிரே உள்ள பொத்தானை அணையுங்கள். உடனே அணையாது. 'ரெவோக்' பொத்தான் சில விநாடி மங்கலாகவே நிற்கும், எண்ணிக்கை ஓடி முடிந்ததும் தட்டினால் "முடியவில்லை" என்று ஒரு செய்தி வரும். போன் பழுது என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். இணைய இணைப்பு இருக்கும்போது நாலைந்து முறை திரும்பத் திரும்பத் தட்டினால் அணையும். சாம்சங்கில் இதற்கு இணையானது 'கஸ்டமைசேஷன் சர்வீஸ்'. பிரைவசி மெனுவில் இருக்கும், அணைத்துவிடுங்கள்.

2. கூகுள் கணக்கு

செட்டிங்ஸ், கூகுள், 'மேனேஜ் யுவர் கூகுள் அக்கவுண்ட்', 'டேட்டா அண்ட் பிரைவசி'. இந்தப் பக்கத்தில் மூன்று சுவிட்சுகள் முக்கியமானவை.

'வெப் அண்ட் ஆப் ஆக்டிவிட்டி' என்பது தேடியவை, பார்த்தவை, திறந்த ஆப்கள் எல்லாவற்றையும் பதியும். இருப்பிடமும் இதில் அடங்கும். 'லொகேஷன் ஹிஸ்டரி' சுவிட்சை அணைத்தவர்களின் இருப்பிடத்தைக்கூட இதன் வழியே கூகுள் சேமித்து வந்ததை 2018இல் அசோசியேட்டட் பிரஸ் வெளிக்கொண்டு வந்தது. அதே விவகாரத்தில் 2022 நவம்பரில் அமெரிக்காவின் 40 மாநிலங்களுக்கு 39.15 கோடி டாலர் கொடுத்துக் கூகுள் சமரசம் செய்துகொண்டது. எனவே ஒரு சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள்.

தட்டும்போது 'டர்ன் ஆஃப்' என்றும் 'டர்ன் ஆஃப் அண்ட் டிலீட் ஆக்டிவிட்டி' என்றும் இரண்டு காட்டும். இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். முதலாவதைத் தட்டினால் இனிமேல் வருவது மட்டும் நிற்கும். இத்தனை வருடம் சேர்ந்தது அப்படியே இருக்கும். முழுக்க அணைத்தால் மேப்ஸில் பழைய தேடல்கள் தானாக வராது, அது சிலருக்குத் தொந்தரவாக இருக்கும். அவர்கள் 'ஆட்டோ டிலீட்' போய் 3 மாதம் என்று வைத்துக்கொள்ளலாம். புதிய கணக்குகளுக்கு இது 18 மாதம் என்றே வருகிறது.

'டைம்லைன்' என்பதுதான் பழைய லொகேஷன் ஹிஸ்டரி. தேவையில்லாதவர்கள் அணைத்து அழித்துவிடலாம்.

'யூடியூப் ஹிஸ்டரி'யில் யோசிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. இதை அணைத்து, பழைய பதிவையும் அழித்தால் யூடியூபின் முகப்பு காலியாகிவிடும். பரிந்துரை எதுவும் வராது. அது வரம் என்பது எங்கள் அபிப்பிராயம். வீட்டில் சிறு பிள்ளைகளும் பெரியவர்களும் ஒரே கணக்கில் பார்ப்பவர்கள் என்றால் 3 மாத ஆட்டோ டிலீட் போதும்.

இதே பக்கத்தில் 'மை ஆட் சென்டர்' திறந்து 'பெர்சனலைஸ்ட் ஆட்ஸ்' என்பதை அணையுங்கள். பிறகு 'தேர்ட் பார்ட்டி ஆப்ஸ்' பகுதியைப் பாருங்கள். 'கூகுள் மூலம் உள்நுழைக' என்று நீங்கள் எப்போதோ தட்டிய தளங்களின் பட்டியல் அங்கே இருக்கும். பயன்படுத்தாதவற்றின் இணைப்பை நீக்குங்கள்.

போனில் இரண்டு மூன்று ஜிமெயில் கணக்கு இருந்தால் ஒவ்வொன்றிலும் தனித்தனியாக இதைச் செய்ய வேண்டும். ஒன்றில் அணைத்தது இன்னொன்றுக்குப் பொருந்தாது. பலரும் கோட்டைவிடும் இடம் இதுதான்.

3. ஆப்களின் அனுமதி

ஆண்ட்ராய்டு 12 அல்லது அதற்கு மேல் உள்ள போன்களில் 'பிரைவசி டாஷ்போர்டு' இருக்கிறது. கடந்த 24 மணி நேரத்தில் எந்த ஆப் எப்போது இருப்பிடம், கேமரா, மைக் எடுத்தது என்று மணிவாரியாகக் காட்டும். அனுமதிகளைத் தொடும் முன் இதை ஒரு முறை பாருங்கள். ராத்திரி 3 மணிக்கு இருப்பிடம் கேட்ட வானிலை ஆப் எது என்று அங்கே தெரிந்துவிடும். அதன் பிறகு 'பர்மிஷன் மேனேஜர்' திறந்து, ஆப் வாரியாகப் போகாமல் அனுமதி வாரியாகப் போனால் வேலை சீக்கிரம் முடியும்.

இருப்பிடம்: 'அலவ் ஆல் த டைம்' பட்டியல் காலியாக இருக்க வேண்டும். குடும்பத்தாரைக் கண்காணிக்கும் ஆப் ஏதாவது வைத்திருந்தால் அது ஒன்று மட்டும் இருக்கலாம். டாக்சி, மேப் ஆப்களுக்கு 'ஒன்லி வைல் யூசிங்' போதும். உணவு டெலிவரிக்கு முகவரியைத் தட்டச்சு செய்துவிட்டால் இருப்பிடமே வேண்டாம். வானிலை, செய்தி, மளிகை ஆப்களுக்கு 'யூஸ் பிரிசைஸ் லொகேஷன்' என்பதை அணைத்தால் தெரு தெரியாமல் பகுதி மட்டும் தெரியும். லொகேஷன் செட்டிங்ஸில் 'லொகேஷன் சர்வீசஸ்' என்பதற்குள் 'வைஃபை ஸ்கேனிங்', 'புளூடூத் ஸ்கேனிங்' என்று இரண்டு மறைவாக இருக்கும். வைஃபையை அணைத்தாலும் இவை சுற்றியுள்ள ரவுட்டர்களைத் தேடிக்கொண்டே இருக்கும். இரண்டையும் அணையுங்கள்.

எஸ்எம்எஸ்: இந்தியாவில் நன்றாக விலை போகும் அனுமதிகளில் ஒன்று இது. வங்கி அனுப்பும் எஸ்எம்எஸ்ஸில் சம்பளம் வந்த தேதி, மீதத்தொகை, இஎம்ஐ தவறியது, கிரெடிட் கார்டு பாக்கி எல்லாம் இருக்கிறது. ஓடிபியைத் தானாக எடுத்துக்கொள்ளத்தான் கேட்கிறோம் என்பார்கள். நம்ப வேண்டாம். அந்த ஒரு ஓடிபி செய்தியை மட்டும் எடுத்துக்கொள்ள, இன்பாக்ஸ் முழுவதையும் படிக்கும் அனுமதி இல்லாத தனி வழியைக் கூகுளே ஆப் தயாரிப்பவர்களுக்குக் கொடுத்திருக்கிறது. யுபிஐ, வங்கி ஆப்கள் மட்டும் விதிவிலக்கு. சிம்மைச் சரிபார்க்க அவை உங்கள் போனிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் அனுப்பியாக வேண்டும்.

காண்டாக்ட்ஸ்: இந்த அனுமதியில் போவது உங்கள் தரவு மட்டுமில்லை, உங்கள் போனில் நம்பர் இருக்கும் எல்லாருடையதும்தான். கடன் ஆப்கள் இதை வைத்து உறவினர்களுக்கெல்லாம் போன் போட்டு மிரட்டியதற்குப் பிறகு, ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் வெளியிட்ட டிஜிட்டல் கடன் நெறிமுறை காண்டாக்ட்ஸ், கால் லாக், கோப்புகள் ஆகியவற்றைக் கடன் ஆப்கள் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டது. கேஒய்சி என்ற அடையாளச் சரிபார்ப்புக்காகக் கேமரா, மைக், இருப்பிடம் ஆகியவற்றை ஒரு முறை மட்டும், சம்மதம் பெற்று எடுக்கலாம். காண்டாக்ட்ஸ் கேட்கும் கடன் ஆப் எதுவானாலும் அப்போதே நீக்கிவிடுங்கள்.

போட்டோ: ஆண்ட்ராய்டு 14 முதல் முழு கேலரிக்குப் பதில் தேர்ந்தெடுத்த படங்களை மட்டும் கொடுக்கலாம். கேமரா செட்டிங்ஸில் 'லொகேஷன் டேக்' என்பதையும் அணையுங்கள். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அதில் பதிந்த இருப்பிடம் நீங்கிவிடும். தரம் குறையக்கூடாது என்று 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் படம் எடுத்த இடமும் சேர்ந்தே போகும்.

பிளே ஸ்டோரில் 'டேட்டா சேஃப்டி' என்று ஒரு பகுதி இருக்கும். அது ஆப் தயாரித்தவர்களே எழுதிக் கொடுப்பது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க 'எக்ஸோடஸ் பிரைவசி' என்ற இலவசத் தளத்தில் ஆப் பெயரைத் தேடினால், அதில் பொதிந்திருக்கும் டிராக்கர்களின் (உங்களைப் பின்தொடரும் நிரல்களின்) பட்டியல் கிடைக்கும். டார்ச் ஆப்பில் பத்து டிராக்கர் இருந்தால் யோசிக்க வேண்டியதில்லை. டார்ச் போனிலேயே இருக்கிறது.

4. மொபைல் நம்பர்

இரண்டு நம்பர் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நம்பர் வங்கி, ஆதார், பான், பிஎஃப், குடும்பத்துக்கு. இரண்டாவது கடைகள், டெலிவரி, வீட்டுமனை விளம்பரம், வேலைத் தளம், திருமணத் தகவல் மையம் போன்றவற்றுக்கு. கலக்கவே கூடாது. இரண்டாவது நம்பரை ரீசார்ஜ் செய்யாமல் மாதக்கணக்கில் விட்டால் கம்பெனி அதைப் பறித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடும். அதன் பிறகு அந்த நம்பருக்கு வரும் ஓடிபி எல்லாம் அவர் கையில். வங்கிக் கணக்கை அந்த நம்பரில் கட்டாதீர்கள் என்பதற்கு இதுதான் காரணம். ஏற்கெனவே கொடுத்துவிட்ட கடைகளைப் பற்றிக் கவலைப்பட்டுப் பயனில்லை. புதிதாகக் கொடுப்பதிலிருந்து மாற்றிக்கொண்டு வாருங்கள்.

பில் கவுன்ட்டரில் நம்பர் தரவே வேண்டியதில்லை. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே, வாடிக்கையாளரின் மொபைல் நம்பரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று சில்லறைக் கடைகளுக்குச் சொல்லிவிட்டது. "சார், நம்பர் போட்டாத்தான் சிஸ்டத்துல பில் வரும்" என்பார் கவுன்ட்டரில் இருப்பவர். ஜிஎஸ்டி பில்லில் இருக்க வேண்டியவை என்று விதி சொல்லும் பட்டியலில் மொபைல் நம்பர் கிடையாது. அவரோடு சண்டைக்குப் போக வேண்டாம். அந்தக் கட்டத்தை உருவாக்கியது அவர் இல்லை. "நம்பர் வேண்டாம்மா, பேப்பர்ல பில் குடுங்க போதும்" என்று சொல்லிவிட்டு நின்றால், பெரும்பாலும் அவரே ஏதோ ஒரு எண்ணைத் தட்டிப் பில்லை எடுத்துவிடுவார். வாரன்டி உள்ள சாமான் வாங்கும்போது மட்டும் நம்பர் உதவும். அங்கே இரண்டாவது நம்பர்.

யுபிஐ ஐடியில் மொபைல் நம்பர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், பணம் கொடுக்கும் ஒவ்வொரு கடைக்கும் ஆட்டோவுக்கும் நம்பரையும் சேர்த்துக் கொடுக்கிறீர்கள். ஆப்பில் நம்பர் இல்லாத ஐடி உருவாக்கி அதை முதன்மையாக்குங்கள்.

ட்ரூகாலர் வைத்திராதவர்களின் பெயர்கூட அதில் இருக்கும். நீக்க வேண்டுமானால், கணக்கு வைத்திருப்பவர்கள் முதலில் ஆப்பின் 'பிரைவசி சென்டர்' போய் 'டிஆக்டிவேட்' செய்ய வேண்டும். பிறகு அவர்கள் தளத்தின் 'அன்லிஸ்ட்' பக்கத்தில் 91 சேர்த்து நம்பரைக் கொடுங்கள். கணக்கை மூடாமல் அன்லிஸ்ட் செய்ய முடியாது. மறுபடி ஆப்பைப் போட்டால் பெயரும் மறுபடி வந்துவிடும்.

விளம்பர அழைப்புக்கு: 1909 என்ற எண்ணுக்கு ஆங்கிலத்தில் 'ஸ்டார்ட்' என்று எழுதி, இடைவெளி விட்டு, 0 போட்டு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். எல்லா வகை விளம்பரமும் தடையாகும். ஏதாவது ஒரு கடையின் படிவத்தில் சம்மதம் என்று டிக் போட்டிருந்தால் அவர்களுக்கு இந்தத் தடை பொருந்தாது. டிஎன்டி (இந்த விளம்பரத் தடை) போட்டும் வருகிறதே என்று புலம்புகிறவர்களில் பலருக்கு நடப்பது இதுதான். தடையை மீறி வந்தால் 7 நாளுக்குள் அதே 1909இல், அல்லது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் டிஎன்டி ஆப்பில் புகார் செய்யலாம். எஸ்எம்எஸ் அனுப்பியவர் பெயரின் கடைசியில் 'பி' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது விளம்பரம். 'எஸ்' சேவை, 'டி' பணப் பரிமாற்றம், 'ஜி' அரசு.

5. மின்னஞ்சலும் உலாவியும்

மின்னஞ்சலுக்கும் நம்பருக்குச் சொன்னதே பொருந்தும். ஜிமெயில் பெயருக்குப் பின்னால் கூட்டல் குறி போட்டுக் கடைப் பெயர் சேர்க்கும் தந்திரத்தைப் பலர் சொல்வார்கள். குறிக்குப் பின்னால் இருப்பதை வெட்டிவிட்டால் உண்மை முகவரி கிடைத்துவிடும் என்பது கம்பெனிகளுக்கும் தெரியும். டக்டக்கோ, ஃபயர்ஃபாக்ஸ் ரிலே, ஆப்பிளின் 'ஹைட் மை ஈமெயில்' ஆகியவை தரும் மறைப்பு முகவரிகள் இதைவிட எவ்வளவோ மேல். தளத்துக்கு ஒன்று வைத்து, தொந்தரவு வந்தால் அந்த ஒன்றை மட்டும் அணைத்துவிடலாம். ஜிமெயில் செட்டிங்ஸில் 'ஆஸ்க் பிஃபோர் டிஸ்பிளேயிங் எக்ஸ்டர்னல் இமேஜஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். நீங்கள் மடலைத் திறந்தீர்களா என்று உளவு பார்க்கும் கண்ணுக்குத் தெரியாத படம் அதனால் தடைபடும்.

ஆண்ட்ராய்டு குரோமில் எக்ஸ்டென்ஷன் (உலாவியோடு சேர்க்கும் துணை நிரல்) போட முடியாது. ஃபயர்ஃபாக்ஸில் முடியும். ஃபயர்ஃபாக்ஸை நிறுவி, அதன் மெனுவில் 'எக்ஸ்டென்ஷன்ஸ்' போய், விளம்பரங்களையும் டிராக்கர்களையும் தடுக்கும் 'யுபிளாக் ஆரிஜின்' சேருங்கள். வேறு எதையும் மாற்றத் தேவையில்லை. எப்போதாவது ஒரு தளத்தில் பணம் செலுத்தும் பக்கம் திறக்காமல் நின்றால், யுபிளாக்கைத் திறந்து அந்தத் தளத்துக்கு மட்டும் அணைத்துவிட்டுப் பக்கத்தைப் புதுப்பியுங்கள்.

மாதம் ஒரு முறை வாங்கும் கடைகளின் ஆப்களை நீக்கிவிட்டு அவற்றின் தளத்தை ஃபயர்ஃபாக்ஸில் திறப்பது நல்ல பழக்கம். காண்டாக்ட்ஸ், எஸ்எம்எஸ் போன்றவற்றை ஒரு வலைத்தளம் படிக்கவே முடியாது. "ஆப்பில் வாங்கினால் 50 ரூபாய் தள்ளுபடி" என்பது அந்த அனுமதிகளுக்கான விலை.

ஆப்களுக்குள் ஓடும் டிராக்கர்களைத் தடுக்க 'பிரைவேட் டிஎன்எஸ்' உண்டு (ஆண்ட்ராய்டு 9 முதல்). நெட்வொர்க் செட்டிங்ஸில் அதைத் திறந்து 'பிரைவேட் டிஎன்எஸ் புரோவைடர் ஹோஸ்ட்நேம்' என்பதில் ஆட்கார்டு டிஎன்எஸ் தளத்தில் உள்ள முகவரியை நகலெடுத்து ஒட்டுங்கள். கையால் தட்டச்சு செய்யாதீர்கள்; ஓர் எழுத்து தவறினாலும் போனில் இணையமே நின்றுவிடும். ரயில் நிலையம், விடுதி வைஃபைகளில் லாகின் பக்கம் திறக்காமல் போகலாம். அப்போது 'ஆட்டோமேட்டிக்' என்று மாற்றி, உள்ளே போனதும் திருப்பிவிடுங்கள். இதற்கும் அசராத ஆப்களுக்கு டக்டக்கோ உலாவியில் உள்ள 'ஆப் டிராக்கிங் புரொடெக்‌ஷன்' உதவும். அது போனுக்குள்ளேயே ஒரு விபிஎன் (இணைய இணைப்பை வேறு வழியாகத் திருப்பிவிடும் வசதி) போல ஓடுவதால் அலுவலக விபிஎன்னோடு சேர்ந்து இயங்காது.

6. பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப்

'அக்கவுண்ட்ஸ் சென்டர்', 'யுவர் இன்ஃபர்மேஷன் அண்ட் பர்மிஷன்ஸ்', 'யுவர் ஆக்டிவிட்டி ஆஃப் மெட்டா டெக்னாலஜீஸ்'. இதைத் திறக்கும்போதுதான் பலருக்கும் தூக்கிவாரிப்போடும். நீங்கள் பேஸ்புக்கில் இல்லாத நேரத்தில் வேறு எந்தெந்த ஆப்களும் தளங்களும் உங்கள் நடவடிக்கையை மெட்டாவுக்குச் சொன்னார்கள் என்ற பட்டியல் அது. பழையதை 'கிளியர்' செய்யுங்கள். அதோடு நிறுத்தாமல் 'மேனேஜ் ஃபியூச்சர் ஆக்டிவிட்டி' போய் 'டிஸ்கனெக்ட்' கொடுத்தால்தான் இனி வருவதும் கணக்கோடு சேராது. அப்படிச் செய்தால் 'பேஸ்புக் மூலம் உள்நுழைக' என்று திறக்கும் ஆப்கள் நின்றுபோகலாம் என்பதால், முதலில் அந்த ஆப்களில் கடவுச்சொல் வைத்துக்கொள்ளுங்கள். அதே மெனுவில் 'அப்லோடு காண்டாக்ட்ஸ்' அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

வாட்ஸ்அப் செய்திகளை மெட்டா படிக்க முடியாது. யாரோடு, எப்போது, எவ்வளவு பேசுகிறீர்கள் என்பதும் காண்டாக்ட்ஸ் பட்டியலும் அதற்குத் தெரியும். வாட்ஸ்அப்பின் 2021 தனியுரிமைக் கொள்கை விவகாரத்தில் இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் மெட்டாவுக்கு ரூ.213.14 கோடி அபராதம் போட்டது, வாட்ஸ்அப் தரவை மெட்டாவின் மற்ற நிறுவனங்களோடு பகிர்வதை ஒட்டித்தான். செய்திகள் பத்திரமாக இருந்தாலும் கூகுள் டிரைவுக்குப் போகும் பேக்கப் தானாகப் பூட்டப்படுவதில்லை. 'சாட்ஸ்', 'சாட் பேக்கப்', 'எண்டு டு எண்டு என்கிரிப்டட் பேக்கப்' போய் அதை இயக்குங்கள். கடவுச்சொல்லையோ 64 இலக்கச் சாவியையோ தொலைத்தால் பேக்கப்பை மெட்டாவாலும் மீட்க முடியாது. ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

7. ஆதார் நகல்

விடுதியிலும் வாடகை வீட்டுக்கும் ஆதார் ஜெராக்ஸ் கொடுக்கும் வழக்கம் நிற்கப் போவதில்லை. கொடுப்பதை மாற்றலாம். மைஆதார் தளத்தில் ஓடிபி போட்டு உள்ளே போய், 'டவுன்லோடு ஆதார்' பக்கத்தில் 'மாஸ்க்டு ஆதார்' என்பதை டிக் செய்து இறக்குங்கள். முதல் 8 இலக்கம் மறைந்து கடைசி 4 மட்டும் தெரியும். பிடிஎஃப் திறக்கும் கடவுச்சொல், பெயரின் முதல் நான்கு எழுத்து பெரிய ஆங்கில எழுத்தில், அதை ஒட்டிப் பிறந்த வருடம். எண் கேட்கும் இடத்தில் 16 இலக்க விஐடி (ஆதார் எண்ணுக்குப் பதிலான மெய்நிகர் எண்) கொடுக்கலாம். அதே தளத்தில் பயோமெட்ரிக் பூட்டும் இருக்கிறது. கைரேகை வைக்க வேண்டிய நாளில் திறந்துகொள்ளலாம்.

8. நேரம் செலவழிக்க வேண்டாதவை

இலவச விபிஎன் போடாதீர்கள். பேஸ்புக் வைத்திருந்த ஒனாவோ என்ற இலவச விபிஎன், பாதுகாப்பு என்று சொல்லிக்கொண்டு பயனர்கள் எந்த ஆப்பை எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறார்கள் என்று சேகரித்தது; 2023 ஜூலையில் ஆஸ்திரேலிய நீதிமன்றம் இதற்காகப் பேஸ்புக்கின் இரு துணை நிறுவனங்களுக்கு 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. காசு கொடுத்து வாங்கும் விபிஎன்னும் ஐபி முகவரியைத்தான் மறைக்கும். உள்ளே போய் ஜிமெயிலில் லாகின் செய்தால் கூகுளுக்கு நீங்கள் நீங்களேதான். உலாவியின் இன்காக்னிட்டோ, வீட்டில் அதே கணினியைப் பயன்படுத்துபவர்களிடமிருந்து மறைக்கும், கம்பெனிகளிடமிருந்து மறைக்காது. போனுக்கு 'கிளீனர்', 'பூஸ்டர்', இலவச ஆன்டிவைரஸ் எதுவும் வேண்டாம். உலாவல் பதிவுகளை விற்றதற்காக அவாஸ்ட் நிறுவனம் 2024இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்தோடு 1.65 கோடி டாலருக்குச் சமரசத்துக்கு வர வேண்டியிருந்தது.

அந்த நேரத்தை டிவிக்குச் செலவிடுங்கள். ஸ்மார்ட் டிவி திரையில் ஓடுவதை அடையாளம் கண்டு அனுப்பும் வசதியோடு வருகிறது. செட்டாப் பாக்ஸில் பார்ப்பதும் இதில் அடங்கும். சாம்சங்கில் 'வியூயிங் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ்', எல்ஜியில் 'லைவ் பிளஸ்' என்ற பெயரில் இருக்கும். அணைத்தால் படம் பார்ப்பதில் எந்த மாற்றமும் தெரியாது.

9. ஏற்கெனவே போனதை அழிக்கச் சொல்வது

ஆப்பை நீக்கினால் கணக்கு அழியாது. கணக்கு உருவாக்கும் ஆப்கள் எல்லாம், கணக்கை அழிக்கும் வழியையும் கொடுக்க வேண்டும் என்பது இப்போது கூகுள், ஆப்பிள் இரண்டின் விதி. பிளே ஸ்டோரில் அந்த ஆப்பின் டேட்டா சேஃப்டி பகுதியில் அதற்கான இணைப்பு இருக்கும். ஆப் போனில் இருக்கும்போதே கணக்கை அழித்துவிட்டு, அப்புறம் ஆப்பை நீக்குங்கள். 2024இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் ஆவணங்கள் டெலிகிராம் பாட்கள் (தானியங்கிக் கணக்குகள்) வழியே வெளியே வந்தன, நிறுவனம் உயர் நீதிமன்றம் வரை போனது. வைத்திருக்கும் தரவு என்றைக்காவது கசியும் என்று எடுத்துக்கொண்டால், பயன்படுத்தாத கணக்கை விட்டுவைக்க மனம் வராது.

ஆப்பில் வழி இல்லாவிட்டால் மடல் எழுதுங்கள். ஒவ்வொரு நிறுவனத்தின் தனியுரிமைக் கொள்கைப் பக்கத்தின் அடியிலும் 'கிரீவன்ஸ் ஆபீசர்' (குறைதீர்ப்பு அதிகாரி) பெயரும் முகவரியும் இருக்கும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 2011 விதிகள்படி அது கட்டாயம், ஒரு மாதத்துக்குள் அவர் தீர்வு சொல்ல வேண்டும். பொதுவான வாடிக்கையாளர் சேவை முகவரிக்கு எழுதினால் "உங்கள் கருத்துக்கு நன்றி" என்றுதான் வரும். மடல் ஆங்கிலத்தில் இருந்தால் சீக்கிரம் நகரும். நான்கு வரி போதும்: இந்த நம்பரிலும் மின்னஞ்சலிலும் உள்ள என் கணக்கு, விளம்பரப் பயன்பாட்டுக்கு நான் கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன், என்னைப் பற்றி வைத்திருக்கும் விவரங்கள் எவை, யாரிடம் பகிர்ந்தீர்கள் என்று தெரிவியுங்கள், சட்டப்படி வைத்திருக்க வேண்டிய பில் விவரம் தவிர மற்றதை அழித்துவிட்டு உறுதிசெய்யுங்கள். அடையாளச் சான்று கேட்டால் ஆதார் அனுப்பாதீர்கள். பதிவு செய்த மின்னஞ்சலிலிருந்தே எழுதியிருக்கிறேன் என்று சொல்லி, ஓடிபி மூலம் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதையெல்லாம் உரிமையாகவே தருகிறது, மீறினால் ரூ.250 கோடி வரை அபராதம். ஆனால் அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. கம்பெனிகளுக்கான முக்கியக் கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாதம் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள், அதாவது 2027 மே வரை. அதுவரை கிரீவன்ஸ் ஆபீசர் வாய் திறக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போகலாம். மடல் அனுப்பிய தேதியும் ஸ்கிரீன்ஷாட்டும் கையில் இருக்கட்டும். முதலில் கேட்பதே அதைத்தான். ஐரோப்பாவிலோ பிரிட்டனிலோ இருப்பவர்கள் இவ்வளவு சுற்ற வேண்டாம்: அங்கே ஜிடிபிஆர் என்ற தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 15இன் கீழ் நகல் கேட்கலாம், பிரிவு 17இன் கீழ் அழிக்கச் சொல்லலாம், பதிலுக்குக் கெடு ஒரு மாதம்.